இன்னாசிமுத்து படிக்கவில்லை என்பதற்கான ஆதாரம்

எங்கள் தாலுகா எது என்று நான் சொல்லப்போவதில்லை. தருமபுரி மாவட்டத்தில் ஏழு தாலுகாக்கள் இருக்கின்றன, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் ஊர் பேர் சொல்லி எழுதினால் மறுநாளே கடைக்கு முன்னால் சாக்கடை வெட்டிப் போட்டுவிடுவார்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய், முன்னும் பின்னும் எடுத்தால் மூன்று. அதில்தான் என் குடும்பம் ஓடுகிறது. அரசாங்கம் ஒரு நகல் கேட்டால் எனக்கு டீ, மூன்று நகல் கேட்டால் போண்டாவும் உண்டு. ஆகவே நவநீதனாகிய நான் அரசாங்கத்துக்கு விரோதி அல்ல. அது மேலும் மேலும் தாள் கேட்க வேண்டும் என்றே பதினாறு வருஷமாக வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன். செபாஸ்டின் விஷயத்தில் அந்த வேண்டுதல் கொஞ்சம் அதிகமாகப் பலித்துவிட்டது.

செபாஸ்டினும் நானும் பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. நான் எப்படியோ தேறினேன், அவன் கணக்கில் கோட்டை விட்டான். இப்போது சீசனில் மாங்கூழ் பேக்டரியில் வேலை, மற்ற நாட்களில் அறுபது சென்ட் கொல்லையில் மரவள்ளி. மனைவி ஞானமேரி நூறு நாள் வேலைக்குப் போகிறாள். இவர்களுக்கு ஒரே மகள், பிளசி. பிளஸ் டூவில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று அறுபத்தொன்று. கலந்தாய்வில் சேலத்துப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்திருந்தது. ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் முதல் வருஷக் கட்டணம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். செபாஸ்டின் என் கடைக்கு வந்தது ஒன்பதாம் தேதி. கையில் பன்னிரண்டு நாள் இருந்தது.

விடுதியோடு சேர்த்துக் கட்டணம் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். ஞானமேரி மகளிர் குழுவில் நாற்பதாயிரம் புரட்டியிருந்தாள். மீதிக்கு அவர்களிடம் இருந்தது ஒரு துண்டுப் பிரசுரம்.

நல்ல வழவழத் தாள், நான்கு கலர். பட்டமளிப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறாள். நம்ம ஊர்ப் பெண் இல்லை. "உயர்கல்விக்குப் பணம் ஒரு தடையல்ல" என்று மேலே பெரிய எழுத்து. கீழே உதவி பெற பதினான்கு வழிகள். நானும் பிளசியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இணையதளத்தில் பார்த்தோம். ஆறு வழிகள் போன வருஷத்தோடு முடிந்திருந்தன. மூன்று வழிகள் அடுத்த வருஷம் தொடங்க இருந்தன. மூன்றின் பக்கம் கடைசி வரை திறக்கவே இல்லை, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மீதி இரண்டு. ஒன்று, வங்கிக் கல்விக் கடன். இன்னொன்று, முதல் பட்டதாரி சலுகை: குடும்பத்தில் இதுவரை யாருமே பட்டம் வாங்கவில்லை என்று தாலுகா ஆபீஸில் சான்று வாங்கிக் கொடுத்தால் கட்டணத்தில் இருபத்தைந்தாயிரம் தள்ளுபடி.

"நம்ம வூட்ல எவனும் படிக்கல. இது சுளுவா கெடச்சிரும்டா" என்றான் செபாஸ்டின். நானும் அப்படித்தான் நினைத்தேன். படிக்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டமான காரியம் என்று அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது.

முதலில் வங்கி. அது தாலுகா ஆபீஸுக்குப் பக்கத்துக் கட்டடம். மேனேஜர் கலைவாணன் எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மேஜை மேல் பித்தளைக் கேடயம் ஒன்று இருந்தது. செபாஸ்டின் அதையே பார்ப்பதைக் கண்டு அவருக்கு மகிழ்ச்சி.

"கல்விக் கடன்ல இந்த மண்டலத்துலயே நாங்கதான் முன்னோடி. போன வருஷம் மட்டும் நூத்தி நாப்பது அப்ளிகேஷன். அதுக்குக் குடுத்த ஷீல்டு இது."

"எத்தன பேருக்குங்க கடன் குடுத்தீங்க?"

"ஷீல்டு அப்ளிகேஷனுக்குங்க" என்றார் கலைவாணன். பிறகு வருமானச் சான்றைப் புரட்டினார். "வருஷத்துக்கு எழுபத்திரண்டாயிரம். இத வச்சுக்கிட்டு எப்பிடிக் கட்டுவீங்க?"

"பொண்ணு படிச்சு வேலைக்குப் போயி கட்டும்ங்க."

"அது எதிர்காலம். எதிர்காலத்த நாங்க அடமானமா எடுக்கறதில்ல. கட்டற வசதி இருக்கறவங்களுக்குத்தான் கடன்."

"வசதி இருந்தா கடன் எதுக்குங்க?"

"அந்த மாதிரி ஆளுங்களத்தான் நாங்க தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார் அவர், முகத்தில் உண்மையான ஏக்கத்தோடு. "கடனே தேவப்படாத ஒருத்தரு இந்தக் கதவத் தொறந்துக்கிட்டு வந்து கடன் குடுங்கன்னு கேட்டா அன்னைக்கே கையெழுத்துப் போட்டுருவேன். வர்றவங்க எல்லாம் தேவையோடயே வர்றாங்க. நாங்க என்ன பண்றது சொல்லுங்க."

அவருடைய கஷ்டத்தைக் கேட்டு செபாஸ்டினுக்கே சங்கடமாகிவிட்டது. கடைசியில் கலைவாணன் ஒரு வழி சொன்னார். வருமானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் முதல் பட்டதாரி சான்று வரட்டும். சலுகை கிடைத்தால் கடனில் இருபத்தைந்தாயிரத்தைக் குறைக்க வேண்டும். "எவ்வளவு குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சாத்தானே எவ்வளவு குடுக்கலாம்னு முடிவு பண்ண முடியும்."

ஆக, எல்லாம் அந்த ஒரு சான்றில் வந்து நின்றது. அன்றைக்கே விண்ணப்பித்தோம். பன்னிரண்டாம் தேதி நேர் விசாரணைக்கு அழைப்பு வந்தது; செபாஸ்டினும் பிளசியும் நானும் போனோம்.

துணை வட்டாட்சியர் எழிலரசி மேடம் நேர்மையானவர். பத்துப் பைசா வாங்க மாட்டார். அதனாலேயே அவரிடம் எதையும் சுருக்கமாக முடிக்க வழி கிடையாது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"முதல் பட்டதாரின்னா அதுக்கு முன்னாடி பட்டதாரி இல்லைன்னு அர்த்தம். இருக்கறத நிரூபிக்க ஒரு ஆதாரம் போதும். இல்லாதத நிரூபிக்க எல்லா ஆதாரமும் வேணும். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது பெயிலுங்க."

மார்க் ஷீட்டைப் பார்த்தார். கணக்கில் பத்தொன்பது. திருப்தியாக ஒரு டிக் போட்டார். ஞானமேரி எட்டாவது, டிக். செபாஸ்டினின் அம்மா ஓய்வூதியப் புத்தகத்தில் கைநாட்டு, டிக். ஞானமேரியின் அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருந்தார்கள், நேரில் வந்து ஆளுக்கு ஒரு கைநாட்டு வைத்துவிட்டு டீ குடித்துப் போனார்கள். உயிரோடு இருப்பவர்கள் படிக்காதவர்கள் என்று நிரூபிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை.

"உங்கப்பா?"

"இன்னாசிமுத்துங்க. தொண்ணூத்தொண்ணுலயே தவறிட்டாருங்க."

"படிப்பு?"

"படிப்பெல்லாம் இல்லீங்க. சின்னதுல ஆடு மேய்ச்சாரு, அப்புறம் கல்லு ஒடைச்சாரு."

"அது தொழில். நான் கேக்கறது கல்வித் தகுதி. பட்டதாரி ஆடு மேய்க்கக் கூடாதுன்னு எந்த அரசாணையும் இல்ல. இப்ப எங்க கிராம உதவியாளர் வேலைக்கு வந்த மனுவுல முக்கால்வாசி பேரு இன்ஜினியருங்க. ஆடு மேய்ச்சாருன்னு சொன்னா எனக்கு அவரு இன்ஜினியரோன்னுதான் சந்தேகம் வரும்."

பிளசி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

எழிலரசி மேடம் தீர்வில்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. இன்னாசிமுத்து பிறந்த ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பள்ளிகளில், அவர் அங்கே படிக்கவில்லை என்று தலைமையாசிரியரிடம் சான்று வாங்கி வர வேண்டும். எட்டு கிலோமீட்டருக்கு மேல் அந்தக் காலத்தில் பிள்ளைகள் நடந்திருக்க மாட்டார்கள் என்று அவராகவே ஒரு சலுகையும் கொடுத்தார்.

மூன்று பள்ளிகள் இருந்தன. செபாஸ்டினிடம் வண்டி இல்லை. கடையைச் சாத்திவிட்டு என் எக்ஸெல்லில் அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் பள்ளித் தலைமையாசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். "படிச்சவங்களுக்கு ரிஜிஸ்டர் இருக்குதுங்க. படிக்காதவங்களுக்கு எங்க போறது? இந்த ஸ்கூல்ல படிக்காதவங்கன்னு பாத்தா அமெரிக்காவுல பாதிப்பேரு வருவாங்களே." இருந்தாலும் நல்ல மனிதர். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த நன்னடத்தைச் சான்றில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அதில் இப்படி இருந்தது: "திரு. இன்னாசிமுத்து என்பவர் இப்பள்ளியில் எவ்வகுப்பிலும் பயிலவில்லை. பயிலாத காலத்தில் அவரது நடத்தை நன்று." செபாஸ்டின் அதை இரண்டு தரம் படித்தான். அப்பாவைப் பற்றி யாரும் எழுத்தில் நல்லபடியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்றான்.

இரண்டாவது பள்ளி ஆரம்பித்ததே அறுபத்தெட்டில். அப்போது இன்னாசிமுத்துவுக்கு இருபத்தாறு வயது. வயது தாண்டியும் சேர்ந்திருந்தால் என்ன செய்வது என்று அந்தத் தலைமையாசிரியர் பயந்தார். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இருபது வருஷத்துச் சேர்க்கைப் பதிவேட்டை நாங்களே தேடிப் பார்த்து, இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அவர் அதற்கு மேல் சான்று தருவதாக ஏற்பாடு. ஒரு பகல் முழுக்கத் தேடினோம். இன்னாசிமுத்து இல்லை. தெரிந்த பெயர்கள் என்று என் பெயரும் செபாஸ்டின் பெயரும்தான் இருந்தன.

மூன்றாவது பள்ளிதான் பழைய பள்ளி. அங்கே ஐம்பதுகளின் பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது. "பதிவேடு இல்லாத காரணத்தால் மேற்படி நபர் பயின்றார் என்றோ பயிலவில்லை என்றோ கூற இயலவில்லை" என்று ஒரு சான்று கிடைத்தது. எழிலரசி மேடம் அதைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ரெண்டு ஸ்கூல்ல படிக்கல. அப்ப இந்த மூணாவது ஸ்கூல்லதான் படிச்சிருக்கணும்."

அன்றைக்குத் தேதி பதினாறு. செபாஸ்டின் முகம் வெளுத்துப் போயிற்று. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

"எங்கப்பா கல்யாணம் கோயில்ல நடந்ததுங்க. கோயில் புஸ்தகத்துல அவரு வச்ச அடையாளம் இருக்குது. கையெழுத்துப் போடத் தெரியாம சிலுவ கீறுனதுன்னு எங்கம்மா சொல்லும். அதக் கொண்டாந்தா ஒத்துக்குவீங்களா?"

"அசல் ஆதாரம்னா ஏன் ஒத்துக்கக் கூடாது?" என்றார் மேடம்.

அவர்கள் பங்குக் கோயில் மிஷன் காலத்தில் கட்டிய சர்ச். வெள்ளைக்காரச் சாமியார்கள் இருந்த இடம். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூன்றையும் அந்தக் காலத்தில் லத்தீனில்தான் எழுதி வைப்பார்களாம். இப்போதைய பங்குச் சாமியார் ஜோ சின்ன வயசு. பீரோவைத் திறந்து தோல் அட்டை போட்ட பெரிய புத்தகத்தை எடுத்துத் தூசு தட்டினார். அறுபத்திரண்டாம் வருஷம், பிப்ரவரி மாதம். ஊதா மையில், அச்சடித்த மாதிரி சாய்வான எழுத்து. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தகப்பன் பெயர், ஊர், எல்லாம் லத்தீன். மாப்பிள்ளை பெயர் அங்கே இக்னாசியுஸ் என்று ஆகியிருந்தது. அந்தப் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவை, ஒரு கோடு நேராக, ஒரு கோடு நடுங்கிக் கோணலாக.

"இது உங்கப்பா போட்டது" என்றார் சாமியார்.

செபாஸ்டின் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு அந்தக் கோணல் கோட்டின் மேல் வைத்தான். அவன் அப்பாவுக்குப் போட்டோ கிடையாது.

சாமியார் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, முத்திரை வைத்துக் கொடுக்கத் தயார். நகலெடுத்தது நான்தான். சாதாரணக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தால் ஊதா மை மங்கி எதுவும் தெரியாமல் போயிருக்கும், ஃபைலும் பிழைத்திருக்கும். நண்பனின் அப்பா விஷயம் ஆயிற்றே என்று பத்து ரூபாய்க் கலர் ஜெராக்ஸை இலவசமாக எடுத்துக் கொடுத்தேன். பதினாறு வருஷத் தொழிலில் காசு வாங்காமல் நான் செய்த ஒரே வேலை அது.

எழிலரசி மேடம் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன மொழி?"

"லத்தீனுங்க."

"உங்கப்பா லத்தீன்ல கையெழுத்துப் போட்டிருக்காரு."

"இல்லீங்க மேடம். எழுதுனது வெள்ளக்காரச் சாமியாரு. எங்கப்பா வச்சது அந்தச் சிலுவ மட்டுந்தான்."

"அவரு எழுதினத நீங்க பாத்தீங்களா?"

"அப்ப நான் பொறக்கவே இல்லீங்க."

"பாக்காத விஷயத்த எப்பிடி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு மேடம் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஏதோ விழாவுக்கு ஓர் ஆயர், அதாவது பிஷப், அனுப்பிய அழைப்புக் கடிதம். அதை எங்கள் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆயர்கள் கையெழுத்துப் போடும்போது பெயருக்கு முன்னால் சிலுவை போடுவது வழக்கம். அதிலும் போட்டிருந்தது.

"பாருங்க. ஆயரு பேருக்கு முன்னாடி சிலுவை. உங்கப்பா பேருக்கு முன்னாடியும் சிலுவை. ஆயரு என்ன படிச்சிருப்பாரு? ரெண்டு டாக்டர் பட்டமாவது இருக்கும். அப்ப உங்கப்பா?"

செபாஸ்டின் மேஜைப் பக்கம் குனிந்தான். "மேடம், ஆயருங்க கல்யாணம் பண்ண மாட்டாங்க. இது கல்யாணப் புஸ்தகமுங்க."

"அது உங்க மத விஷயம். அதுல அரசாங்கம் தலையிடாது."

இப்படி எழுதுவதால் அவரை மோசமானவர் என்று நினைக்க வேண்டாம். அவர் அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை. எங்கள் கண் முன்னாலேயே மாவட்டத்துக்கு ஒரு கருத்துரு எழுதினார். மேற்படி ஆவணம் லத்தீன் மொழியில் உள்ளது, அதை ஆய்வு செய்ய லத்தீன் அறிந்த அலுவலர் பணியிடம் இம்மாவட்டத்தில் இல்லை, ஆகவே அத்தகைய பணியிடம் ஒன்றைத் தோற்றுவித்து, நிரப்பி, அவரது அறிக்கையைப் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

"இதுக்கு எத்தன நாளாகும் மேடம்?" என்றாள் பிளசி. அவள் அந்த அறையில் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"நான் இன்னைக்கே அனுப்பிட்டேம்மா. என் பக்கம் ஒரு நாள்கூட தாமதம் இல்ல."

பத்தொன்பதாம் தேதி தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் உயர்கல்வி நிதி விழிப்புணர்வு முகாம். எல்லோருக்கும் குறுஞ்செய்தி வந்திருந்தது. அங்கேயே கடன் ஆணை கொடுக்கிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னதை நம்பி நாங்கள் மூவரும் போனோம். ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சிறப்பு அலுவலர் மாயவன் பன்னிரண்டரைக்கு வந்தார். குத்துவிளக்கு, சால்வை, மறுபடி சால்வை எல்லாம் முடிந்து அவர் மைக்கைப் பிடித்தபோது பசியில் பாதிக் கூட்டம் வெளியே போண்டாக் கடையில் இருந்தது.

"பணம் ஒரு தடையே இல்லை" என்று ஆரம்பித்தார். "பணம் இல்லைங்கறது ஒரு எண்ணம். விழிப்புணர்வு வந்துட்டா அந்த எண்ணம் போயிடும். பணமில்லைன்னு எங்ககிட்ட வர்ற ஒவ்வொருத்தருக்கும் நாங்க விழிப்புணர்வு குடுத்துத்தான் அனுப்பறோம், வெறுங்கையோட யாரையும் அனுப்பறதில்ல. இந்த வருஷம் விழிப்புணர்வுக்கு ஒதுக்கின தொகையில நூறு சதவீதம் செலவு பண்ணியிருக்கோம். இந்தப் பந்தல், இந்த மைக்கு, உங்க கையில இருக்கற கலர் நோட்டீஸ், எல்லாம் அதுலதான். அதே சமயம் மாணவர்களுக்கு ஒதுக்கின தொகை அப்படியே பத்திரமா இருக்கு. ஒரு ரூபாய்கூட வீணாகல. இதவிட வெளிப்படையான நிர்வாகம் வேற எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன், என்னத்துக்கு என்று தெரியவில்லை. அதற்குள் பேட்ஜ் குத்திய ஓர் ஊழியர் கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டு வந்தார். பிளசி கையில் ஃபைலோடு, பின்னல் போட்டுப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். "இந்தப் பொண்ணு சரியா இருக்கும், வாம்மா" என்று மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெயர், விண்ணப்ப எண் எல்லாம் குறித்துக்கொண்டார்கள். ஐந்தடி நீளத்துக்கு அட்டையில் செய்த காசோலை ஒன்றை மாயவன் ஒரு முனையிலும் பிளசி ஒரு முனையிலும் பிடித்தார்கள். நான்கு லட்சம் ரூபாய் என்று அதில் எழுதியிருந்தது. போட்டோ எடுத்தார்கள். கீழே செபாஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாவி, நிஜமென்றே நம்பிவிட்டான்.

மேடைக்குப் பின்னால் ஓர் ஆள் பிளசியிடமிருந்து அட்டையை வாங்கிக்கொண்டார். அடுத்து இன்னொரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். மூலை மடங்காமல் பிடிக்கச் சொல்லி அவளிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை வங்கிக்குப் போனோம். கலைவாணன் எழுந்து நின்று செபாஸ்டினுக்குக் கை கொடுத்தார்.

"வாழ்த்துக்கள்ங்க. உங்க அப்ளிகேஷன் குளோஸ் ஆயிடுச்சு."

"கடன் வந்துருச்சுங்களா?"

"அதான் நேத்து முகாம்ல வாங்கிட்டீங்களே. பயனாளி லிஸ்ட்ல பாப்பா பேரு ஏறிடுச்சு. பட்டுவாடா ஆனதுன்னு சிஸ்டம்ல காட்டுது."

"அது அட்டைங்க" என்றான் செபாஸ்டின்.

"அட்டையா இருந்தாலும் முகாம் பட்டுவாடா பட்டுவாடாதான். ஒரே ஆளுக்கு ரெண்டு தடவ குடுத்தேன்னு ஆடிட்ல எழுதிட்டாங்கன்னா என் பிரமோஷன் போயிடும். நீங்க சந்தோஷமா போயிட்டு வாங்க. அப்பிடியே எங்க வாட்ஸப்புக்கு அந்த போட்டோவ அனுப்பி வையுங்க, ஷீல்டு கமிட்டிக்கு வேணும்."

செபாஸ்டின் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் போட்டான். என்ன பேசினோம் என்று அவனுக்கே தெரியாது, எனக்கும் தெரியாது, நானும் சேர்ந்துதான் கத்தினேன். வாட்ச்மேன் வந்து எங்களை வெளியே கொண்டுபோய் விட்டார். விடும்போது, தன் மகனுக்கும் மூன்று வருஷமாக இதே கதைதான் என்று மெதுவாகச் சொன்னார்.

இருபத்தொன்றாம் தேதி பிளசி என் கடையில்தான் இருந்தாள். ஞானமேரி யார் யாரிடமோ கேட்டு இன்னும் பதினோராயிரம் கொண்டுவந்தாள். கல்லூரிக்குப் போன் செய்தோம். தவணையில் கட்டலாமா என்று கேட்டதற்கு, தவணை வேண்டுமானால் வங்கியின் கடன் ஆணையை அனுப்பச் சொன்னார்கள். ஐந்து மணி ஆயிற்று. ஐந்து மணி இரண்டு நிமிஷத்துக்கு பிளசி போனில் கலந்தாய்வுப் பக்கத்தை மறுபடி திறந்தாள். அவள் பெயருக்கு எதிரே "ஒதுக்கீடு ரத்து" என்று வந்திருந்தது. அழவில்லை. ஃபைலில் இருந்த தாள்களை எடுத்து, பெரியது கீழே சின்னது மேலே என்று ஒழுங்காக அடுக்கினாள். அறுபத்துமூன்று தாள்கள், அத்தனையும் என் மெஷினில் எடுத்தவை. எனக்கு அவமானமாக இருந்தது. மெஷினை அணைத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

செப்டம்பர் பாதியில் செபாஸ்டினுக்குக் குறுஞ்செய்தி வந்தது. முதல் பட்டதாரி சான்று தயார், நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.

இந்த வருஷம் போனாலும் அடுத்த வருஷத்துக்கு ஆகுமே என்று கிளம்பினோம். எழிலரசி மேடம் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். லத்தீன் அலுவலர் பணியிடத்துக்கு நிதித்துறை ஒப்புதல் தரவில்லையாம். ஆனால் மாவட்டத்தில் அவருடைய கருத்துருவைப் படித்துவிட்டு, இருக்கும் ஆதாரத்தின் பேரில் அவரையே முடிவெடுக்கச் சொல்லிவிட்டார்களாம். எடுத்துவிட்டார். நல்ல தடித்த தாளில், கோபுர முத்திரையோடு, மூலையில் புள்ளிப் புள்ளியாகக் கட்டம் போட்ட சான்று. செபாஸ்டின் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினான். பெயர் என்ற இடத்தில் இன்னாசிமுத்து என்று இருந்தது.

"மேடம், இது எங்கப்பா பேருங்க."

"ஆமா. ஒரு குடும்பத்துல முதல் பட்டதாரி யாருன்னு கண்டுபிடிக்கறதுதானே இந்தச் சான்றோட நோக்கம். கண்டுபிடிச்சாச்சு. எங்க அலுவலகத்துல இவ்வளவு ஆழமா யாரும் விசாரிச்சதில்லைன்னு கலெக்டர் ஆபீஸ்லயே சொன்னாங்க."

"இத வச்சு எம் பொண்ணுக்கு ஏதாவது கெடைக்குங்களா?"

"அவங்களுக்கு எப்பிடி? சலுகை முதல் பட்டதாரிக்குத்தான். உங்கப்பா நேர்ல வந்து சேர்க்கைக்கு விண்ணப்பிச்சா தாராளமா இருபத்தஞ்சாயிரம் தள்ளுபடி உண்டு."

பிளசி மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். குரல் உயரவில்லை.

"மேடம், எங்க தாத்தா லத்தீன் படிச்சிருந்தாருன்னா எதுக்கு மேடம் கல்லு ஒடைக்கப் போனாரு? எங்கப்பா ஏன் பேக்டரியில மாங்கொட்ட அள்றாரு? நாங்க ஏன் ஒரு மாசமா இங்க வந்து நிக்கறோம்?"

எழிலரசி மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் வீட்டில் ஒரு மகள் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம், அந்தப் பக்கத்தில் ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"நல்ல கேள்விம்மா. ஆனா அதுக்கு விண்ணப்பத்துல கட்டம் இல்ல."

சான்று பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் ஒப்பம் வேண்டும். பேனாவோடு பதிவேட்டைச் செபாஸ்டின் பக்கம் திருப்பி வைத்தார். செபாஸ்டின் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் நோட்டுக்கும் அவன்தான் பெயர் எழுதிக் கொடுப்பான். பேனாவை எடுத்தான், மூடியைக் கழற்றினான், கட்டத்துக்கு மேலே கொண்டுபோனான். பிறகு மூடியை மாட்டித் திருப்பி வைத்துவிட்டான்.

"மைப் பெட்டி இருக்குதுங்களா மேடம்?"

"எதுக்கு? உங்களுக்குத்தான் கையெழுத்துத் தெரியுமே. பத்தாவது வரைக்கும் போயிருக்கீங்க."

"தெரியும்ங்க. இருந்தாலும் நாளைக்கு எம் பேரப் புள்ளைங்க வந்து இந்த மேஜைக்கு முன்னால நிக்கும். அன்னைக்கு இந்தப் புஸ்தகத்த எடுத்துப் பாப்பீங்க. என் கையெழுத்து இருந்தா அதுங்களுக்குக் கஷ்டம்."

இடது கைப் பெருவிரலை மைப் பெட்டியில் அழுத்தி, கட்டத்தில் பதமாக உருட்டி வைத்தான். சாட்சிக்கு ஒருவர் ஒப்பமிட வேண்டும் என்றார் மேடம். நான் முன்னால் போனேன். பிளசி எனக்கு முன்னால் வந்து நின்றாள். பேனா அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அப்பாவின் விரலைப் பார்த்தாள். பிறகு மைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அவன் ரேகைக்குப் பக்கத்திலேயே தன் விரலை வைத்து அழுத்தினாள்.

எழிலரசி மேடம் பதிவேட்டைத் திருப்பி, இரண்டு ரேகைகளும் கலையாமல் விழுந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.

"இப்பத்தான் ஃபைல் சரியா இருக்கு" என்றார்.